மீன்சட்டி மேல் வைத்த பல்சக்கரம்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு முழங்காலில் ஆரம்பித்துச் சர்க்கரையில் வந்து நிற்கிறது. போதும் சாமி. இன்றைக்கு அதை விடுங்கள். எங்கள் அத்தைக்கு மாப்பிள்ளை பார்த்த கதையைச் சொல்கிறேன். உங்கள் வீடுகளிலும் பெண் பார்க்க வந்திருப்பார்கள். கேசரி தின்றிருப்பார்கள், பெண்ணைப் பாடச் சொல்லியிருப்பார்கள், நடக்கச் சொல்லிக் காலைப் பார்த்திருப்பார்கள். எங்கள் வீட்டில் அந்த வேலையெல்லாம் கிடையாது. எங்கள் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை லேத்தில் மரை வெட்டிக் காட்ட வேண்டும்.

சிரிக்காதீர்கள். நிஜம்.

காலடிப்பேட்டையில் எங்கள் வீட்டு முன்னறை முழுக்க இரும்பு கடையும் அந்த லேத்துதான். துறைமுகத்தில் பழைய சாமான் ஏலம் விட்டபோது அப்பா எடுத்தது. சீமையில் செய்தது. அதை உள்ளே கொண்டுவர முன்சுவரை இடித்தார்கள், பிறகு அதே சுவரை அதைச் சுற்றிக் கட்டினார்கள். பிள்ளைகள் நாங்கள் அதன் பக்கத்தில்தான் பாய் போட்டுப் படுப்போம். கடல்காற்றில் துருப்பிடிக்காமல் இருக்க அப்பா அதற்கு எண்ணெய் தடவிக்கொண்டே இருப்பார். எங்கள் தலைக்கு எண்ணெய் உண்டோ இல்லையோ, அதற்கு உண்டு. அந்த எண்ணெய் நாற்றமும் அம்மா வைக்கும் மீன்குழம்பு வாசமும் சேர்ந்ததுதான் எனக்கு வீடு என்பது. இன்றைக்கும் எங்காவது வெல்டிங் கடை வாசலில் நின்றால் எனக்குப் பசிக்கிறது. என் மகள் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வாள்.

இரும்பைச் சீவும்போது சுருள் சுருளாக விழும். சூட்டில் சிலது நீலமாகிவிடும், மயில்கழுத்து நிறம். அதை ஒரு பிஸ்கட் டின்னில் சேர்த்து வைத்திருந்தேன். நகை என்று நினைப்பு. வீடு மாறியபோது அந்த டின் எங்கே போனதோ, யாரைக் கேட்பது?

இப்போது மரை விஷயம் கொஞ்சம் சொல்ல வேண்டும், பயப்படாதீர்கள். போல்ட்டில் சுற்றிச் சுற்றி வெட்டியிருக்கிறதே, அதுதான் மரை. இரும்புத் தண்டு சுழலும். வெட்டும் உளி பக்கவாட்டில் நகரும். தண்டு ஒரு சுற்றுச் சுற்றினால் உளி எவ்வளவு நகர வேண்டும் என்று தீர்மானிப்பது பல்சக்கரங்கள். உளியை நகர்த்தும் நீளத்திருகில் அங்குலத்துக்கு நாலு மரை. உங்களுக்கு எட்டு வேண்டுமா? அப்படியானால் திருகு பாதி வேகத்தில் சுற்ற வேண்டும். மேலே நாற்பது பல், கீழே எண்பது பல். அவ்வளவுதான் சூட்சுமம். இருபதில் ஆரம்பித்து ஐந்தைந்தாகக் கூடிக்கொண்டே போகும் சக்கரங்கள் எங்கள் சுவரில் ஆணிக்கு ஒன்றாகத் தொங்கின. மற்ற வீடுகளில் சாமி படமும் காலண்டரும் இருக்கும் இடம் அது. எங்கள் மாதா படத்துக்குக்கூட ஒரு மூலைதான் கிடைத்தது.

கடைசி ஆணியில் தொங்கியது மட்டும் கணக்கில் சேராத சக்கரம். நூற்றி இருபத்தேழு பல். எல்லாவற்றிலும் பெரியது. அங்குலத்துக்குச் செய்த லேத்தில் மில்லிமீட்டர் மரை வெட்ட வேண்டுமென்றால் அது வேண்டும். துறைமுகத்துக்குள் வரும் புது மெஷின்களுக்கு எப்போதாவது அப்படி ஒரு வேலை வரும். அது இல்லாமல் மில்லிமீட்டர் மரை வராது என்பது அப்பாவுக்கு ஜெபமாலை மாதிரி. அவர் மட்டுமில்லை, எங்கள் பக்கத்து டர்னர்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள்.

அப்பா திருவொற்றியூரில் ஒரு கம்பெனியில் டர்னர். தெருவில் எல்லாருக்கும் மேஸ்திரி. ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசைக்குப் போய்வந்ததும் வெளிவேலைகளை வீட்டு லேத்தில் செய்வார். அத்தை அவருடைய ஒரே தங்கை. தாயும் தகப்பனும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது அத்தை நடை பழகாத குழந்தை. அப்பாவுக்கு மீசை முளைக்காத வயது. அவர்தான் அவளுக்குத் தலை வாரினார், சோறு ஊட்டினார், பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டார். அம்மா கல்யாணமாகி வந்தபோது, அத்தைக்குப் பின்னல் போடும் வேலையை அப்பா தன்னிடம் விடவே ரொம்ப நாள் ஆயிற்று என்று சொல்லிச் சிரிப்பாள். அத்தை ராயபுரத்தில் சட்டை தைக்கும் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாள். சனிக்கிழமை சாயங்காலம் அந்தச் சக்கரங்களை எல்லாம் இறக்கி, மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, கிரீஸ் தடவித் திரும்ப மாட்டுவாள். அவளைச் சிறுசிலிருந்தே அப்படி வளர்த்துவிட்டார்.

அவளுக்கு வயது ஏறிக்கொண்டே போயிற்று. குழாயடியில் பேச்சு ஆரம்பித்துவிட்டது. தவக்காலம் முடிந்து ஈஸ்டர் போனதும் கோயில் உபதேசியார் வந்து உட்கார்ந்துகொண்டார். எங்கள் சபையில் பாதிக் கல்யாணம் அவர் முடித்தது. அப்பா ஒரே நிபந்தனை போட்டார்: மாப்பிள்ளை டர்னராக இருக்க வேண்டும். ஒருவன் சக்கரம் தேர்ந்தெடுப்பதைப் பார்த்தால் அவன் குடும்பம் நடத்துவது தெரிந்துவிடும் என்பது அவர் சித்தாந்தம். உபதேசியார் தலையைச் சொறிந்துகொண்டே போனார்.

முதலில் வந்தவர் வியாசர்பாடிக்காரர். ரயில்வே ஒர்க்ஷாப் உத்தியோகம், மாலையில் கால்பந்து. நல்ல உயரம். அவருக்கு அப்பா கொடுத்தது எட்டு மரை. அவர் மடமடவென்று நாற்பதையும் எண்பதையும் எடுத்தார், நடுவில் ஒன்றைச் சேர்த்து மாட்டினார், ஓட்டினார். சக்கரங்கள் ஊளையிட்டன. பல்லும் பல்லும் சேரும் இடத்தில் ஒரு துண்டுக் காகிதம் வைத்து இறுக்கி, பிறகு அதை உருவிவிட வேண்டும். அந்தக் காகித அளவு இடைவெளி இருந்தால்தான் சத்தமில்லாமல் ஓடும். மனுஷன் பெண் பார்க்க வந்த படபடப்பில் அதை மறந்துவிட்டார். அவர்கள் படியிறங்கியதும் அப்பா உதட்டைப் பிதுக்கினார். பக்கத்தில் இருப்பவனுக்கு மூச்சுவிட இடம் கொடுக்காதவன், வேண்டாம் என்றார். வியாசர்பாடிக்காரருக்கு மறு மாசமே வேறு இடத்தில் முடிந்தது. கல்யாணச் சாப்பாடு பிரமாதம் என்று உபதேசியார் எங்கள் வீட்டில் வந்து வேண்டுமென்றே சொன்னார்.

இரண்டாவது எண்ணூர். அவருக்கு அங்குலத்துக்குப் பத்தொன்பது மரை. அது கொஞ்சம் முரட்டுக் கணக்கு. அவர் கண்ணை மூடி ஒரு நிமிஷம் நின்றார், இருபதையும் தொண்ணூற்றைந்தையும் எடுத்தார். காகிதமும் வைத்தார். மரை வெண்ணெய் மாதிரி வந்தது. எனக்கே கைதட்டத் தோன்றியது. அப்பா குறை கண்டுபிடித்தார்: முழுக்கைச் சட்டை. கையில் பட்டன் போட்ட சட்டையோடு லேத்து முன்னால் நிற்கிறவன் கையை ஒருநாள் மெஷின் இழுத்துக்கொள்ளும் என்றார். அம்மாவுக்கு அன்றைக்குப் பொறுக்கவில்லை.

“பொண்ணு பாக்க வர்றவன் முழுக்கை சட்ட போட்டுகினு வராம, பனியனோடயா வருவான்?”

அப்பா எண்ணெய்க் குப்பியை எடுத்துக்கொண்டு லேத்துக்கு அடியில் போய்விட்டார். மறுநாள் குழாயடியில் எதிர்வீட்டு அக்கா குடத்தை வைத்துக்கொண்டே, உங்கள் வீட்டில் பெண் பார்க்கிறார்களா, வேலைக்கு ஆள் எடுக்கிறார்களா என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். அத்தையும் சிரித்தாள். ஆனால் அன்று தண்ணீர் நிரம்பி வழிந்தது தெரியாமல் நின்றாள். நான்தான் குழாயை மூடினேன்.

அந்த வெயில்காலத்தில் மூன்றாவதாக வந்தவர் பேசின் பிரிட்ஜ். ஒரு சின்ன ஒர்க்ஷாப்பில் வேலை. அவரோடு அவர் அம்மாவும் தாய்மாமனும். வந்தவர்கள் இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று அம்மா முன்பே சொல்லியனுப்பி, வஞ்சிரம் வாங்கிக் குழம்பு வைத்துவிட்டாள். ரெண்டு பேரைக் காப்பியோடு அனுப்பிய வெட்கம் அவளுக்கு.

அன்று காலை பூசை முடிந்து வந்ததும் அப்பா ஒரு காரியம் செய்தார். கடைசி ஆணியிலிருந்து நூற்றி இருபத்தேழை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். மீன்சட்டி மூடி மேல் அதை வைத்தார். பூனை வருது, வெயிட்டு வேணும் என்றார். அம்மா ஆச்சரியப்பட்டாள். பூனை பல வருஷமாக வருகிறது. இவர் அடுப்படிக்கு வந்தது அன்றைக்குத்தான். இருந்தாலும், பரவாயில்லையே, மனுஷனுக்குப் பொறுப்பு வந்துவிட்டதே என்று சந்தோஷப்பட்டுக்கொண்டாள். பாவம்.

பேசின் பிரிட்ஜ் மாப்பிள்ளை அரைக்கைச் சட்டையில் வந்தார். மெலிசு. காது கொஞ்சம் பெரிசு. அப்பாவை என்ன முறை வைத்துக் கூப்பிடுவது என்று தெரியாமல் மேஸ்திரி என்றே கூப்பிட்டார். அப்பா ஒரு தண்டை நீட்டினார்.

“பதினாறு எம்எம் போல்ட்டு. ரெண்டு எம்எம் மரை.”

அவர் சுவரைப் பார்த்தார். ஒவ்வொரு சக்கரமாகப் பார்த்துக்கொண்டே போய், காலி ஆணி முன்னால் நின்றார். விரலால் ஆணியைத் தொட்டார்.

“இதுல இன்னா மாட்டுவீங்க, மேஸ்திரி?”

“அதுல ஒண்ணும் கெடையாது.”

எனக்கு விடை தெரியும். ஆனால் பரீட்சையில் பக்கத்துப் பையனுக்குச் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்று டீச்சர் சொல்லியிருந்தார்கள். நான் வாயை மூடிக்கொண்டேன். திரைக்குப் பின்னால் அத்தையின் வளையல் ஒருமுறை அசைந்து நின்றது.

அவர் என்னிடம் சாக்பீஸ் கேட்டார். கீழே குந்தி, சிமெண்டுத் தரையில் என்னவோ எழுதினார், அழித்தார், மறுபடி எழுதினார். அப்பா சுவரில் சாய்ந்துகொண்டு, முடியாது என்று அவர் வாயால் சொல்லட்டும் என்று காத்திருந்தார். ரொம்ப நேரம். தாய்மாமன் செருமினார். பிறகு மாப்பிள்ளை எழுந்து நாலு சக்கரம் எடுத்தார். முப்பத்தைந்து, நாற்பத்தைந்து, ஐம்பது, நூறு. இரண்டு தள்ள, இரண்டு தள்ளப்பட, நடு இரண்டையும் ஒரே அச்சில் ஜோடி சேர்த்து மாட்டினார். காகிதத்துக்குச் சட்டைப் பையில் இருந்த பஸ் டிக்கெட்டை எடுத்தார். மெஷினை ஓடவிட்டு, உளியைத் திருகோடு சேர்த்த பிடியை நடுவில் ஒருமுறைகூட விடுவிக்காமல், பின்னோக்கி ஓடவிட்டுத் திரும்பத் திரும்ப அதே வழியில் வெட்டினார். அவர் நெற்றி வேர்வை சட்டையில் சொட்டியது. துடைத்துக்கொள்ளவில்லை. அவருக்கு இந்தப் பெண் வேண்டும் என்பது எனக்கே தெரிந்தது.

முடித்து போல்ட்டை நீட்டினார். அப்பா போல்ட்டைப் பார்க்கவில்லை, சக்கரங்களைப் பார்த்தார். நூற்றி இருபத்தேழு இல்லாமல் இந்த மரை வராது, கண்ணுக்கு வந்த மாதிரி இருக்கும், நட்டு நாலு சுற்றில் கவ்விக்கொள்ளும் என்றார். அந்த அளவு நட்டு எங்கள் வீட்டில் கிடையாது. போல்ட்டைத் துண்டு இரும்புப் பெட்டியில் போட்டார். சொல்லி அனுப்புறோம் என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். அவர் அம்மாவுக்கும் தெரிந்தது. அந்த அம்மாள் முகம் சுண்டிவிட்டது.

ஆனால் குழம்பு ஆகிவிட்டதே. சாப்பிடாமல் போகக் கூடாது என்று அம்மா வாசலை மறித்தாள். மாப்பிள்ளை கை கழுவச் சமையலறை வழியாகப் பின்பக்கம் போக வேண்டும். அம்மா இரண்டு கையிலும் சோற்றுக் குண்டானைப் பிடித்தபடி, அந்த வெயிட்டைக் கொஞ்சம் இறக்கி வைப்பா என்றாள். அவர் தூக்கினார். ஓரத்தில் வெட்டியிருந்த எண்ணைப் பார்த்தார். நான் கதவோரம் நின்றேன். அத்தை அடுப்புக்குப் பக்கத்தில் நின்றாள். அவர் அத்தையை ஒரு பார்வை பார்த்தார். அத்தை தலை குனிந்தாள். நான் அதுவரை அவள் அப்படிக் குனிந்து பார்த்ததில்லை. அவர் கைக்குட்டையை எடுத்து, சக்கரத்தில் பட்டிருந்த குழம்பைத் துடைத்தார். சத்தம் வராமல் சுவரோரம் சாய்த்து வைத்தார். முன்னறைக்குப் போய் அப்பா பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். மீன் நல்லா கீது மேஸ்திரி என்றார். இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். அவர் அம்மா வழியெல்லாம் திட்டிக்கொண்டே போயிருப்பாள். அவர் அவளிடமும் சொல்லவில்லை என்பது பிற்பாடு தெரிந்தது.

சாயங்காலம் உபதேசியார் பதில் கேட்டு வந்தார். அப்பா ஆரம்பித்தார்: கணக்குத் தெரியாதவன், தெரியாததைத் தெரிந்த மாதிரி செய்கிறவன். அத்தை உள்ளேயிருந்து வந்தாள். பெரியவர்கள் பேசும்போது அவள் முன்னறைக்கு வந்ததே கிடையாது. கையில் அந்தச் சக்கரம். அதைக் காலி ஆணியில் மாட்டினாள். பிறகு திரும்பினாள்.

“மரை சரியா தப்பான்னு எனுக்கு தெரியாது ணே. இத மீன்சட்டி மேலேர்ந்து எறக்குனது அவரு. நம்பர பாத்தாரு. அப்பறமும் உன் பக்கத்துல வந்து குந்திகினு, மீனு நல்லா கீதுன்னு சொல்லி துன்னுட்டு போனாரு. அவங்கம்மா முன்னாடி ஒரு வார்த்த சொல்லியிருந்தா உன் மானம் இன்னா ஆயிருக்கும்?”

அம்மா, ஐயையோ நான்தானே இறக்கச் சொன்னேன் என்று நெஞ்சில் கை வைத்தாள். உபதேசியார் ஜெபப் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்தார்.

“நீ எனுக்கு மாப்ள பாக்கல ணே. நா போவாம இருக்கறதுக்கு வழி பாக்குற. எனுக்கும் உன்ன வுட்டு போவ கஷ்டமாத்தான் கீது. ஆனா எனுக்கு அவரு வேணும்.”

சொல்லிவிட்டு அழுதாள். நானும் அழுதேன், எதற்கென்று தெரியாமல். எனக்கு இப்போதுதான் தெரிகிறது. முதலாமவருக்கு எட்டு மரை, இரண்டாமவருக்குப் பத்தொன்பது, மூன்றாமவருக்குச் செய்யவே முடியாது என்று அப்பா நம்பிய ஒன்று. நல்லவனாக ஒருவன் வர வர அப்பாவுக்குப் பயம் ஏறிக்கொண்டே போயிருக்கிறது. ஊரே அவரைக் கெடுபிடிக்காரர், தொழில் திமிர் பிடித்தவர் என்றது. நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். அந்த மனிதர் கையில் தூக்கி வளர்த்ததைக் கொடுக்கத் தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தார். என் மகள் கல்யாணத்தில் நான் மண்டபத்துக் கழிப்பறையில் தாழ் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது எனக்கு அவர் ஞாபகம்தான் வந்தது.

மறுநாள் அப்பா இரும்புப் பெட்டியைக் கிளறி அந்த போல்ட்டை எடுத்து, சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு கம்பெனிக்குப் போனார். அத்தை வேலைக்குப் போகவில்லை. அம்மா உப்பில்லாமல் சாம்பார் வைத்தாள், யாரும் கவனிக்கவில்லை. சாயங்காலம் அப்பா வந்தார், சட்டையைக் கழற்றவில்லை, உட்காரவில்லை. கம்பெனி ஸ்டோரில் நட்டு வாங்கிப் போட்டுப் பார்த்ததாகவும், இந்த முனையிலிருந்து அந்த முனை வரை விரலாலேயே ஏறியதாகவும் சுவரைப் பார்த்துச் சொன்னார். இத்தனை வருஷம் லேத்துப் பிடித்து, அந்த நாலு சக்கரத்தைச் சேர்த்துப் பார்க்கத் தனக்குத் தோன்றவே இல்லையே என்றும் சொன்னார். உபதேசியாரை அனுப்பட்டுமா என்று அம்மா கேட்டாள்.

“வாணாம். நானே போறேன்.”

தைரியத்துக்கு என்னைச் சைக்கிள் கேரியரில் ஏற்றிக்கொண்டார். அப்போது நான் துணைக்கு என்று நினைத்தேன். தண்டையார்பேட்டை தாண்டும்போது திரும்பிவிடலாமா என்று கேட்டார். நான் அவர் முதுகைப் பிடித்துக்கொண்டேன். பேசின் பிரிட்ஜ் பவர்ஹவுஸ் புகைபோக்கி தெரிந்ததும் மிதிப்பது மெதுவாகிவிட்டது. நடந்தாலே சீக்கிரம் போயிருக்கலாம்.

ஒர்க்ஷாப் வாசலில் நான் இறங்கினேன். அப்பா இறங்கியும் சைக்கிளை விடவில்லை, ஹேண்டில்பாரைப் பிடித்தபடி நின்றார். உள்ளேயிருந்து மாப்பிள்ளை கழிவுப் பஞ்சில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். எங்களைப் பார்த்ததும் நின்றுவிட்டார். ரயில்வே யார்ட்டில் ஒரு கூட்ஸ் வண்டி போய் முடிந்தது.

“அந்த வீலு எங்க கீதுன்னு எனுக்கு தெரியும். நாந்தான் ஒளிச்சி வெச்சேன்” என்றார் அப்பா.

“தெரியும் மேஸ்திரி. ஆணியில கிரீஸு ஈரமா இருந்திச்சி.”

“அப்பறம் இன்னாத்துக்கு அவ்ளோ கஷ்டப்பட்ட? அப்பவே கேட்டிருக்கலாமே?”

அவர் கையிலிருந்த பஞ்சைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு கொஞ்சம் வெட்கப்பட்டுச் சிரித்தார்.

“எனுக்கு கூடப்பொறந்தது யாரும் கெடையாது. ஒரு தங்கச்சி இருந்து, நீங்க வளத்த மாதிரி நா வளத்திருந்தேன்னு வையுங்க. நா சக்கரத்தயா ஒளிப்பேன்? லேத்தயே ஒளிச்சி வெச்சிருப்பேன், மச்சான்.”

அப்பா அப்போதுதான் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டார்.